பிக்கப் வண்டிக்கு ரோலர் ஷட்டர் மூடி: அளவெடுப்பதில் இருந்து தண்ணீர் டெஸ்ட் வரை

கடை ஷட்டர் உருண்டு மேலே பெட்டிக்குள் போகிறதே, அதையே படுக்க வைத்தால் பிக்கப்பின் ரோலர் ஷட்டர் மூடி. கேபினை ஒட்டி ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் ரெயில், அதில் ஓடும் பட்டைகள். என் வண்டிக்கும், அப்புறம் குலசேகரம், திருவட்டாறு பக்கத்து நண்பர்களின் வண்டிகளுக்கும் சேர்த்து ஐந்து மூடி மாட்டியாகிவிட்டது. புதிதாக மாட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மூடி மழையை முழுக்க வெளியே நிறுத்திவிடும் என்று நம்பி, வடிகாலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பட்டைகளின் ஓரம் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அப்படித்தான் இதைச் செய்கிறார்கள். வந்த தண்ணீர் ரெயிலில் ஓடிப் பெட்டிக்குள் சேர்ந்து, அங்கிருந்து டியூப் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்குகிற குமரி மாவட்டத்தில் வரிசையை மாற்றினால் பலனை ஜூன் மாதமே பார்த்துவிடலாம்.

1. முதலில், இது உங்கள் வண்டிக்கும் லோடுக்கும் ஆகுமா

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பக்கச் சுவர் நிலையாக நிற்கும் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். பக்கப் பலகை மடங்கி இறங்கும் லோடு வண்டியில் ரெயில் பிடிக்க இடமே இல்லை.

லோடையும் பாருங்கள். ரப்பர் ஷீட், உர மூட்டை, பெயிண்ட் வாளி, கருவிப்பெட்டி, கடைக்குப் போகும் பலசரக்கு என்றால் ஷட்டர் நல்லது. தினமும் வாழைத்தார் ஏற்றி வடசேரி சந்தைக்குப் போகிறவருக்கு வேண்டாம். தார் சுவர் மட்டத்துக்கு மேலே நிற்கும், மூடி திறந்தேதான் கிடக்கும். அவருக்கு நல்ல தார்ப்பாயும் கயிறும் போதும். குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து மீன் பெட்டி ஏற்றுகிறவருக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். ஐஸ் உருகி வரும் உப்புத்தண்ணீர் தினமும் பட்டால் எந்த ரெயிலும் தாங்காது.

2. அளவு

மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். ஒரே மாடலில் தலைமுறை மாறும்போது பாடி அளவும் சில மில்லிமீட்டர் மாறும், அந்தச் சில மில்லிமீட்டரே மூடியைச் சிக்க வைக்கப் போதும். டேப்பை எடுத்து நீங்களே அளந்து எழுதுங்கள்: உள்நீளம் மேல்மட்டத்தில், உள் அகலம் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில், பக்கச் சுவரின் மேல் மடிப்பு எவ்வளவு அகலம், மடிப்புக்கு அடியில், ரெயிலைச் சுவரோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்க எவ்வளவு இடம். டபுள் கேப் பாடியின் நீளம் பொதுவாக ஒன்றரை மீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் ஷட்டர் பெட்டி முன்பக்கம் 25 முதல் 30 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் அட்டைப்பெட்டியை வைத்து, வழக்கமான லோடை ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். மாட்டிய பிறகு இடம் போதவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

சுவரின் மேல் ஸ்போர்ட்ஸ் பார் (கேபினுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கம்பி) இருந்தால் அதன் கால் ரெயிலில் இடிக்கும். அதற்கேற்ற ரெயில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பாடிக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் லைனர் இருந்தால், அது சுவர் மடிப்பின் மேலே ஏறி நிற்கும் வகையா, அடியில் நிற்கும் வகையா என்று பாருங்கள். மேலே ஏறியது என்றால் கிளாம்ப் பிடிக்காது. லைனரையே மாற்ற வேண்டிவரும்.

3. எதனால் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்

கடலில் இருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வண்டி நிற்கிறது என்றால், பட்டையைவிட போல்ட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியப் பட்டை இங்கே நன்றாகவே நிற்கும். சாதாரண இரும்பு போல்ட் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, கழற்ற முடியாமல் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டிலும் 304, 316 என்று இரண்டு தரம் உண்டு. 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். கம்பெனி கொடுத்தது 304 என்றால், அதே அளவில் 316 வாங்கி மாற்றிக்கொள்ளலாம், செலவு சில நூறு ரூபாய்தான்.

ஸ்டீல் போல்ட் அலுமினிய ரெயிலை நேராகத் தொடக்கூடாது. இரண்டு உலோகமும் தொட்டு நிற்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் காரணம். நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால் போதும்.

இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங், ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரா என்று கேளுங்கள். நம் தோட்டத்துப் பாலில் செய்கிற இயற்கை ரப்பர் டயருக்கு அருமையானது, ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் சீக்கிரம் வெடிக்கும். வெயிலில் கிடக்கும் பீடிங்குக்கு ஈபிடிஎம்தான் சரி.

மோட்டார் வைத்ததா, கையால் இழுப்பதா? நான் கையால் இழுப்பதையே சொல்வேன். இந்த ஈரத்திலும் உப்பிலும் வயர் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினைக்கு இடம். கைப்பிடி வகையில் கெட்டுப்போக ஸ்பிரிங்கும் பூட்டும்தான் இருக்கின்றன.

4. ஆர்.சி., இன்ஷூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. அதனால் பாடிக்கு வெளியே துருத்தாத, கிளாம்ப்பில் நிற்கிற, கழற்றி எடுக்கக்கூடிய மூடியாக வாங்குங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி இன்ஷூரன்ஸில் துணைக்கருவியாகச் சேர்த்துவிடுங்கள். தனியாகச் சேர்க்காத துணைக்கருவிக்குப் பணம் கேட்டால் கிடைக்காது.

5. நாளும் சாமானும்

அடுத்தடுத்து இரண்டு காய்ந்த நாள் வேண்டும். பீடிங்கின் ஒட்டும் டேப் ஈரத்தில் பிடிக்காது, இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை இறுக ஒரு முழு நாள் ஆகும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல நேரம். ஆள் இரண்டு பேர் கட்டாயம், ஷட்டர் பெட்டியை ஒருவர் தனியாகத் தூக்கினால் சுவரில் கீறல் நிச்சயம்.

ரிங் ஸ்பானர் செட், டேப், மார்க்கர், டிரில்லிங் மெஷின், படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட், அரம், துத்தநாகப் பிரைமர், வண்டி நிறத்தில் டச்சப் பெயிண்ட், துளைக்குப் போடும் ரப்பர் குரோமெட், ஸ்பிரிட், பழைய துணி. சிலிக்கான் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் என்று கேட்டால் பெரும்பாலும் கண்ணாடிக்குப் போடுவதை எடுத்துக் கொடுப்பார்கள். அதைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிப்பு வாசனை அடிக்கும். அதில் இருந்து வரும் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். "நியூட்ரல் கியூர்" என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

6. பாடியைத் தயார் செய்வது

கழுவி, முழுக்கக் காய விடுங்கள். சுவர் மடிப்பின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். செம்மண்ணும் பழைய மெழுகும் அங்கேதான் ஒட்டியிருக்கும், அதன் மேல் கிளாம்ப் போட்டால் பத்து நாளில் வழுக்கும். லைனர் அடியில் நிற்கும் வகை என்றால் கிளாம்ப் வரும் இடங்களில் மட்டும் வெட்ட வேண்டும். வெட்டும் முன் கிளாம்ப்பை வைத்து மார்க் செய்யுங்கள். கம்பெனி படத்தில் இருக்கும் அளவை நம்பி முதலிலேயே வெட்டிவிட்டால், துளை ஒரு பக்கம், கிளாம்ப் ஒரு பக்கம் என்று நிற்கும்.

7. பெட்டியை உட்கார வைப்பது

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டியைக் கேபின் பக்கச் சுவரை ஒட்டி இறக்குங்கள். இடது, வலது இடைவெளியை அளந்து சரியாக நடுவில் வையுங்கள். இதில் வரும் பிசகு ரெயில் முழுக்கத் தொடரும். முன்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் பீடிங்கை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த இடத்தில் ஒரே துண்டாக ஒட்டுங்கள். நடுவில் ஒட்டுப்போட்டால் தண்ணீர் அந்த ஒட்டைத்தான் தேடி வரும்.

பெட்டியின் ஓர மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கிறது. விட்டால் விரலை உடைக்கும்.

8. வடிகால் டியூப்: ரெயிலுக்கு முன்னால் இதை முடியுங்கள்

பெரும்பாலானவர்கள் ரெயில், பட்டை எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்த சந்தோஷத்தில் டியூப்பைக் கடைசிக்கு விடுவார்கள். அப்போது கை நுழைய இடம் இருக்காது, ஏதோ சொருகிவிட்டு எழுந்துவிடுவார்கள். என் முதல் மூடியை ஒரு கடையில் கொடுத்து மாட்டினேன். டியூப்பை இணைக்கவே இல்லை, சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். ஜூன் மாதம் பேச்சிப்பாறையில் இருந்து இறங்கி வரும்போது நல்ல மழை. மூடி பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் நிற்காமல் வந்தேன். வீட்டில் திறந்தால், முன்பக்கம் அடுக்கிய ரப்பர் ஷீட்டின் கீழ் வரிசை தண்ணீரில் கிடக்கிறது. இரண்டே நாளில் வெள்ளைப் பூசணம் பிடித்து, தரம் ஒரு படி இறங்கித்தான் விலை போனது. அதற்குப் பிறகு ஒரு வண்டியிலும் டியூப்பை முடிக்காமல் நான் ரெயிலைத் தொட்டதில்லை.

பெட்டியின் அடியில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு வடிகால் மூக்கு இருக்கும். டியூப்பைச் சொருகி சின்ன கிளிப் போடுங்கள், வெறுமனே சொருகினால் வண்டி குலுக்கத்தில் கழன்றுவிடும். கீழே பாடித் தரையின் முன்மூலையில் ரப்பர் அடைப்பு போட்ட துளை ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரில்லே வேண்டாம்.

துளை போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்து, அடியில் இருந்து மார்க் செய்த பிறகுதான் மேலே இருந்து டிரில் பிடிக்க வேண்டும். துளை விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமர், அது காய்ந்ததும் டச்சப் பெயிண்ட், அப்புறம் குரோமெட். பெயிண்ட் காயும் வரை பொறுமை இல்லாமல் குரோமெட்டை அமுக்கினால் பெயிண்ட் வழித்துக்கொண்டு போய்விடும். வெறும் இரும்பு தெரிகிற அந்த வளையத்தில் இருந்துதான் துரு கிளம்பும்.

டியூப் மூக்கில் இருந்து துளை வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொங்கல் விழுந்தால் அதில் தண்ணீர் நிற்கும். கொத்தனார் டியூப்பில் மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்: இரண்டு முனையும் உயர்ந்திருக்க, நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும். உங்கள் டியூப் அந்த வடிவத்தில் வளைந்தால் செம்மண் அங்கே படிந்து அடைத்துவிடும். கீழ்முனையைச் சாய்வாக வெட்டி, சைலன்சருக்கும் வயருக்கும் தள்ளிக் கட்டுங்கள். முனையில் வலை கட்டாதீர்கள், வலைதான் முதலில் அடைக்கும்.

இப்போதே ஒரு சொம்புத் தண்ணீரைப் பெட்டியின் ஒரு மூலையில் ஊற்றுங்கள். உடனே கீழே ஒழுக வேண்டும். அடுத்த மூலையிலும் அப்படியே. இரண்டும் ஒழுகிய பிறகுதான் அடுத்த படி.

9. ரெயில்: சதுரம் பார்ப்பது

ரெயிலைச் சுவர் மேல் வைத்து, பெட்டியின் வாயில் முழுக்கச் செருகி, கிளாம்ப்களைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஸ்பானர் இன்னும் பையிலேயே இருக்கட்டும். எனக்குத் துணைக்கு வந்த பையன் ஒருவன் முதல் கிளாம்ப்பையே முழு பலத்தில் இறுக்கிவிட்டான். "மக்கா, கையால மட்டும் முடுக்கு, இன்னும் அளக்கலை" என்று சொல்லி மறுபடி தளர்த்த வைத்தேன். ஒரு முனை இறுகிவிட்டால் ரெயில் அந்த முனையை வைத்துத்தான் வளையும், மறுமுனையை எவ்வளவு நகர்த்தினாலும் நேராகாது.

மூன்று அளவு எடுக்க வேண்டும். இரண்டு ரெயிலுக்கும் நடுவில் உள்ள அகலம் முன்னால், நடுவில், பின்னால் ஒன்றாக இருக்க வேண்டும், 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. வண்டியின் சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். லோடு ஏற்றிய வண்டியில் நடுப்பகுதி வெளியே கொஞ்சம் பிதுங்கியிருக்கும். அங்கே ரெயிலை உள்ளே இழுத்து நிறுத்த வேண்டும்.

அடுத்து மூலைவிட்டம். முன் இடது மூலையில் இருந்து பின் வலது மூலைக்கு ஒன்று, முன் வலதில் இருந்து பின் இடதுக்கு ஒன்று. வீட்டுக்கு வானம் தோண்டும்போது கயிறு பிடித்து மூலைமட்டம் பார்க்கிற அதே கணக்குதான். இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும். கம்பெனித் தாளில் இதைவிட இறுக்கமான அளவு இருந்தால் அதுதான் சட்டம். அகலம் மூன்று இடத்திலும் சரியாக இருந்தும் மூலைவிட்டம் தவறினால், ரெயில் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டை ஒரு ஓரம் முந்தி, ஒரு ஓரம் பிந்தி ஓடும், பூட்டு ஒரு பக்கம் மட்டும் விழும். பூட்டு விழவில்லை என்று என்னிடம் கொண்டுவந்த இரண்டு வண்டியிலும் கோளாறு பூட்டில் இல்லை, இந்த மூலைவிட்டத்தில்தான் இருந்தது.

மூன்றாவது, உயரம். ரெயில் பெட்டியை நோக்கி மிகச் சிறிதளவாவது தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் ஓட வேண்டிய திசை அது. வண்டி மேடு பள்ளத்தில் நிற்கும்போது இதைப் பார்க்க முடியாது. சமதளத்தில் நிறுத்தி மட்டப்பலகை வையுங்கள்.

10. முடுக்கும் வரிசை

பட்டையைக் கையால் பத்துத் தடவை முழுக்க இழுத்து விடுங்கள். எங்காவது கனத்தால் அந்த இடத்தில் மறுபடி அளவு. சரியாக ஓடியதும் பெட்டிப் பக்கக் கிளாம்ப்பில் தொடங்கி, இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றிப் பின்னால் வாருங்கள். முதல் சுற்றில் பாதி இறுக்கம், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது சுற்றில் முழு இறுக்கம்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கம்பெனி அளவுக்கு வையுங்கள். இல்லை என்றால் குட்டை ரிங் ஸ்பானரால் மணிக்கட்டு பலம் மட்டும். பைப் மாட்டி இழுத்தால் சுவர் மடிப்பு நசுங்கும், அது திரும்பி வராது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள், நிச்சயம் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

11. பின் டோர்

மூடி சரியாக இருந்தும் உள்ளே செம்மண் தூசி படிகிறது என்றால், வழி பின் டோர் இடுக்குதான். வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, கிளம்பிய தூசி இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். டோரின் இரண்டு பக்கமும் அடியிலும் பீடிங் ஒட்டுங்கள். ஒட்டியதும் ஒரு காகிதத் துண்டை வைத்து டோரைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில் பீடிங் அமுங்கவில்லை. பாடித் தரையில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் பீடிங்கால் மூடிவிடாதீர்கள், கழுவிய தண்ணீர் போக அதுதான் வழி.

பின் டோருக்குப் பூட்டு இல்லாத வண்டி என்றால் ஷட்டர் பூட்டு விழுந்தும் பயனில்லை. பல மூடிகளில், டோர் திறந்தால் உள்ளே கையை விட்டு ஷட்டர் பூட்டை விடுவித்துவிடலாம். வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

12. தண்ணீர் டெஸ்ட்

எங்காவது சிலிக்கான் போட்டிருந்தால், அது இறுக ஒரு நாள் போகட்டும். பாடித் தரை முழுக்கப் பழைய தினத்தாளை விரித்து, மூடியைப் பூட்டுங்கள். ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும்: முதலில் பின் டோரின் அடி, பத்து நிமிடம். திறந்து தாளைப் பாருங்கள். அப்புறம் டோரின் பக்கங்கள், அப்புறம் ரெயில் ஓரம், கடைசியில் முன் பீடிங். எடுத்தவுடன் மேலே இருந்து அடித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எது ஓட்டை என்று கண்டுபிடிக்கவே முடியாது. தாளில் ஈரம் பட்ட இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் பெரும்பாலும் காரணம் கிடைக்கும்.

பின்பக்கம் நாலைந்து சொட்டு என்றால் விட்டுவிடலாம். பெட்டிக்குக் கீழே ஈரம் என்றால் விடாதீர்கள், 8-வது படிக்குத் திரும்பிப் போய் டியூப்பைப் பாருங்கள்.

13. மாட்டிய பிறகு

ஓடும்போது மூடி ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்கப் பூட்டியிருக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடிக்கும் மாதங்களில் பாதி திறந்த மூடியோடு போனால் பட்டைகள் ரெயிலுக்குள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேபினுக்கே கேட்கும். மூடிமேல் உட்காரவோ மூட்டை வைக்கவோ கூடாது.

ரெயிலுக்கு கிரீஸ் போடாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். தூசியைப் பிடித்துக் குழம்பாக்கிவிடும். கழுவிக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே மட்டும். கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மரம் இலை உதிர்க்கும். மூடிமேல் விழுந்த இலையோடு ஷட்டரைத் திறந்தால் இலை அப்படியே சுருண்டு பெட்டிக்குள் போய், ஈரத்தில் மக்கி வடிகால் மூக்கில் உட்காரும். திறக்கும் முன் துடைப்பத்தால் ஒரு தடவை தள்ளிவிடுங்கள். மார்ச் வெயிலில் டியூப்பின் கீழ்முனையில் குளவி மண்கூடு கட்டும். மே கடைசியில் ஒரு நாள் கீழே குனிந்து, கூடு இருந்தால் குச்சியால் தட்டிவிட்டு, இரண்டு மூலையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.